சந்தை விலையில் 31.3 சதவீதத்துக்கு ஒரு வீடு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் ராக் என்றொரு சிற்றூர். செயின்ட் மின்வர் பகுதியைச் சேர்ந்தது. கடலழகுக்காக வெளியூர்ப் பணக்காரர்கள் அங்கே விடுமுறை வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். விலை எகிறியது. அங்கேயே பிறந்து வளர்ந்து கொத்து வேலையோ கடை வேலையோ பார்ப்பவர்களுக்குச் சொந்த ஊரில் வீடு எட்டாக்கனி ஆனது.

ஊர்க்காரர்களே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ‘சமூக நில அறக்கட்டளை’ எனலாம். லாபம் பார்க்காமல், ஊருக்காக நிலமும் வீடும் ஏற்பாடு செய்யும் அமைப்பு. அதன் முயற்சியில் 2008 இறுதிக்குள் முதல் 12 வீடுகள் எழுந்தன. அடித்தளம் போடும் வேலையை அறக்கட்டளை ஏற்பாடு செய்தது. அதற்கு மேல் குடியேறப் போகிறவர்களே கட்டினார்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் தாங்களே செய்தார்கள், மற்றவர்கள் ஆள் வைத்துக்கொண்டார்கள். தொடக்கச் செலவுக்கு உள்ளாட்சி மன்றம் வட்டியில்லாக் கடன் தந்தது.

சொந்த உழைப்பைப் போட்டதால்தான் வீடு மலிவானது என்று நினைக்கத் தோன்றும். கூலி மிச்சமானது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட ஊரில் வீட்டு விலையின் பெரும்பங்கு செங்கல்லிலும் மரத்திலும் இல்லை, மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணின் விலையை இறக்குவதற்கு இங்கிலாந்துத் திட்டமிடல் விதிகளில் ஒரு வழி உண்டு. ஊர் எல்லையை ஒட்டிய வயலில் பொதுவாக வீடு கட்ட விடமாட்டார்கள். உள்ளூர்த் தேவைக்கான மலிவு வீடுகள் மட்டும் கட்டுவதாக இருந்தால் விதிவிலக்காக அனுமதி கிடைக்கும். வேறு எதுவும் கட்ட முடியாத நிலத்துக்கு மனை விலை கேட்க முடியாதல்லவா? நில உரிமையாளருக்கு வயல் விலையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். வாங்குபவருக்கோ மனை விலையில் சிறு பகுதிதான் செலவு.

சரி, மலிவாக வாங்கியவர் நாளையே நல்ல விலைக்கு விற்றுவிட்டால்? அதற்குத்தான் பூட்டு. செயின்ட் மின்வரில் அந்த முதல் வீடுகளின் விலை சந்தை மதிப்பில் 31.3 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். மறுவிற்பனைக்கும் அதே சதவீதம்தான். சந்தையில் 4,00,000 பவுண்டு போகும் வீட்டை 1,25,200 பவுண்டுக்குத்தான் விற்கலாம். என்னைக் கேட்டால், கட்டியதைவிட இந்த நிபந்தனையை எழுதி வைத்ததுதான் பெரிய காரியம். பூட்டு இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்குள் இவையும் விடுமுறை வீடுகளாகியிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் வேரில் இந்தியாவும் இருக்கிறது. 1969-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காக ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற முதல் நில அறக்கட்டளை தொடங்கியபோது, அவர்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது, கிராம நிலத்தை ஊருக்கே பொதுவாக்கும் வினோபா பாவேயின் கிராமதான இயக்கம். இங்கிலாந்தில் 2008-ம் ஆண்டுச் சட்டம் இத்தகைய அறக்கட்டளைக்குச் சட்ட வரையறை தந்தது.

குறைகளும் உண்டு. நிலம் தர மனமுள்ள ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் அலைய நாலு பேர் வேண்டும். விலைக்கட்டுப்பாடு உள்ள வீட்டின் பேரில் கடன் தர வங்கிகள் தயங்குவதுண்டு. வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போக நினைத்தால், இதை விற்று வரும் பணத்தில் அங்கே சந்தை விலைக்கு வீடு வாங்குவது கடினம். உள்ளூரிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும் ஏற்பாடு இது.