'போயிட்டு வர்றேன்'... எழுத்தில் கொடுங்க சார்!

ஆபீஸ் டூர் என்றால் நம் ஆட்கள் போடுகிற திட்டம் இருக்கிறதே, மத்திய பட்ஜெட் தோற்றது! தலைக்கு எவ்வளவு வசூல், பிரியாணிக்கு யார் பொறுப்பு, வேனில் ஜன்னலோர சீட் யாருக்கு... எல்லாம் பக்காவாக எழுதியாகிவிடும். ஆனால், பிச்சாவரத்திலோ முட்டுக்காட்டிலோ படகு கிளம்புகிற நேரத்தில், "எத்தனை பேர்ப்பா ஏறியிருக்கோம்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம்ணே!"

அந்தப் 'பத்துப் பன்னிரண்டு'தான் ஆபத்து.

2023 மே 7-ம் தேதி, கேரளாவில் தானூர் என்ற ஊரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பொழுது சாய்ந்த நேரம். படகில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதே மீட்க வந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. எண்ணிக்கை தெரியாவிட்டால், தேடுவதை எப்போது நிறுத்துவது? உள்ளே இன்னும் ஒருத்தர் இருக்கிறாரா, இல்லையா? தண்ணீரைக் கேட்டால் சொல்லுமா?

2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரிப் பக்கம் இதே கதைதான். கடலுக்குப் போனவர்கள் எத்தனை, திரும்பாதவர்கள் எத்தனை என்பதில் அரசாங்கக் கணக்கு ஒன்று, மீனவ கிராமங்களின் கணக்கு வேறொன்று.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சுலப வழி வைத்திருக்கிறார்கள். பெயர், 'ஃப்ளோட் ப்ளான்'. யார் யார் போகிறோம், எந்தப் படகு, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி, கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது. அவ்வளவுதான்! வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்க் கடலோரக் காவல் படையே இதைத் தன்னிடம் கொடுக்க வேண்டாம், உங்களைத் தேடக்கூடிய நம்பகமான ஆளிடம் கொடுங்கள் என்கிறது. நியாயம்தானே? நாம் வீட்டுக்கு வரவில்லை என்பது முதலில் யாருக்குத் தெரியும்?

நம் ஊருக்கும் இது அப்படியொன்றும் புதிதில்லை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் மீன்வளத் துறையின் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கடலுக்குப் போகின்றன. தினம் தினம் கடலில் கிடப்பவர்களுக்கே சீட்டு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை போகிற நமக்கு வேண்டாமா?

"அட, கையில செல்போன் இருக்கே சார்!" என்கிறீர்களா? படகு கவிழ்ந்தால் போனும் நம்மோடு சேர்ந்துதான் குளிக்கும். கரையைவிட்டுத் தள்ளிப் போனால் சிக்னலும் டாட்டா காட்டிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், காமர்ஸ் படித்த எனக்கே புரிந்த கணக்குதான். எஞ்சின் நின்றுபோன படகை நீரோட்டம் மணிக்கு 2 கிலோ மீட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தத் திசையில் என்று தெரியாது. 1 மணி நேரத்தில் தேட வேண்டிய பரப்பு சுமார் 12.6 சதுர கிலோ மீட்டர். 3 மணி நேரம் கழித்தோ சுமார் 113! நேரம் மூன்று மடங்கானால், தேடும் இடம் ஒன்பது மடங்கு. கந்து வட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறாது!

சரி, சீட்டில் என்ன எழுதுவது?

* ஆட்கள்: படகோட்டியையும் சேர்த்து எத்தனை பேர், பெயர், வயது, போன் நம்பர். யாருக்கு நீச்சல் தெரியாது, யார் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்.

* படகு: பெயர், பதிவு எண், நிறம், எஞ்சின் உண்டா, லைஃப் ஜாக்கெட் எத்தனை. எழுதச் சோம்பலா? படகு நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. எப்படியும் செல்ஃபி எடுக்கத்தானே போகிறீர்கள்!

* பாதை: எங்கே ஏறுகிறோம், எதுவரை போகிறோம், எங்கே இறங்குகிறோம். வேனையோ பைக்கையோ நிறுத்திய இடம், அதன் நம்பர்.

* நேரம்: கிளம்புவது, திரும்புவது, 'இதற்கு மேல் சும்மா இருக்காதே' என்கிற கெடு. உதாரணமாக, 5 மணிக்குக் கரை. 6 மணிவரை போன் வராவிட்டால் எங்களையும் படகுக்காரரையும் கூப்பிடு. யாரும் எடுக்காவிட்டால் உடனே 112. கடல் என்றால் கடலோரக் காவல் படை 1554, தமிழ்நாட்டுக் கடலோரப் போலீஸ் 1093. இந்த எண்களையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த நம்பரே மறந்துபோகும்.

யாரிடம் கொடுப்பது? கூடவே படகில் வருகிறவரிடம் கொடுத்துப் பிரயோஜனமில்லை! 'நைட் ஷிப்ட்' முடித்துப் பகலெல்லாம் தூங்கும் ரூம் மேட்டும் வேண்டாம். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நாற்பது கட்டை விரல் வரும். கடிகாரத்தை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். பத்து நிமிஷம் லேட்டானாலே வாசலுக்கு வந்து நிற்கிற ஆள் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார். மனைவி, அம்மா, அண்ணன்... அவர்தான் சரியான ஆள். "பயந்துடுவாங்க சார்" என்று மறைக்காதீர்கள். எங்கே தேடுவது என்று தெரியாமல் தவிப்பதுதான் பெரிய பயம்.

முக்கியமான இன்னொன்று. திட்டம் மாறினால் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் பாட்டுக்குக் கடையில் முட்டைப் பரோட்டாவை ஒரு கை பார்த்துக்கொண்டிருக்க, போலீஸ் உங்களைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? நிஜமாகவே ஆபத்தில் இருக்கிற வேறு யாருக்கோ போக வேண்டிய படகு அது.

நம் வீடுகளில் வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் பாட்டிகள் விடமாட்டார்கள். 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா' என்பார்கள். அதிலேயே பாதி ப்ளான் இருக்கிறது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்ற மீதியைத்தான் நாம் எழுதவேண்டும். ஐந்து நிமிஷ வேலை!