மலை ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

ஜூன் கடைசியில் மழை பிடித்துவிட்டால் மும்பைத் தமிழர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே வண்டிகள் சயான்–பன்வேல் சாலையைப் பிடித்துவிடும். பன்வேல் தாண்டினால் இடப்பக்கம் மாத்தேரான் மலைத்தொடர் மேகத்துக்குள் கிடக்கும். கோபோலிக்கு மேலே போர் காட் மலைச்சாலை ஏறும்போது பாறைக்குப் பாறை அருவி தொங்கும். ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு இந்த ஒரு நாள் ஆடம்பரம் இல்லை, அவசியம். போகத்தான் வேண்டும். ஆனால் போனவர்கள் பத்திரமாகத் திரும்புவதும், திரும்பாவிட்டால் குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பதும் பெரும்பாலும் மலையில் தீர்மானமாவதில்லை. வண்டி பேசும் இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தாராவி 90 அடி சாலையில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

“அண்ணே, லோனாவ்லா போயிட்டு வர எவ்வளவு கேப்பாங்க?”

“மஞ்ச போர்டுன்னா ஒரு ரேட்டு. நம்ம பையன் வண்டி ஒண்ணு இருக்கு, வெள்ளை போர்டு. ரெண்டாயிரம் கம்மி.”

அந்த ரெண்டாயிரத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்துதான் வாடகைக்கு ஓட்ட பர்மிட் உள்ள வண்டி. மின்சார வண்டியானால் பச்சைத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி குற்றம்; அபராதம் 10,000 ரூபாய் வரை, சிறைத் தண்டனையும் உண்டு. அது ஓட்டுபவன் பாடு என்று விட்டுவிட முடியாது. சொந்த வண்டி பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை அச்சிட்டே இருக்கும். விபத்து நடந்ததும் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான். நஷ்டஈட்டை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் சில வழக்குகளில் உத்தரவிட்டதுண்டு. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை ஆண்டுக்கணக்கில் நடப்பது நீங்கள்தான்.

இன்னொன்று. “இன்சூரன்ஸ் இருக்குண்ணே” என்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி உள்ள பைக்கின் பின்சீட்டில் போனவருக்கு அந்த பாலிசி பொறுப்பேற்காது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் திலக் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. தனியார் காரில் கூடப் போகிறவர்களுக்கும் இதே நியாயத்தைத்தான் நிறுவனங்கள் காட்டுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி, “பேக்கேஜ் பாலிசியா, தேர்ட் பார்ட்டியா?” என்பது. பேக்கேஜ் பாலிசியில் இன்னொரு நன்மையும் உண்டு. நிலச்சரிவு, பாறைச் சரிவு, வெள்ளம் ஆகியவற்றால் வண்டிக்கு வரும் சேதமும் அதில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால், அதற்கெனத் தனியாக எஞ்சின் பாதுகாப்பு வாங்கியிருந்தால் ஒழிய, பணம் வாங்குவது கஷ்டம்.

இதையெல்லாம் சரிபார்க்க ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டாம். எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஃபிட்னஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எதுவரை செல்லும் என்று வந்துவிடும். அந்தத் திரையைப் படம் பிடித்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டுவைத்தால் பின்னால் அதுவே ஆதாரம்.

அடுத்தது ஆள் கணக்கு. பதினேழு சீட்டு டெம்போ டிராவலரில், “சின்னப் பிள்ளைங்கதானே, மடியில வச்சுக்கலாம்” என்று இருபத்துமூன்று பேரை ஏற்றுகிறோம். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம் என்பதோடு முடியவில்லை. ஒரு வண்டி எத்தனை பேருக்குக் காப்பீடு பெற்றிருக்கிறதோ அத்தனை பேருக்குரிய தொகைக்குத்தான் நிறுவனம் பொறுப்பு என்று 2007இல் உச்ச நீதிமன்றம் அஞ்சனா ஷ்யாம் வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பானவற்றில் பெரிய தொகைகளாக அத்தனை பேர் கணக்கை மட்டும் நிறுவனம் கட்டும். அந்தப் பணத்தை எல்லாருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். அதாவது நாம் ஏற்றும் பதினெட்டாவது ஆள், முதல் பதினேழு குடும்பங்களின் பங்கிலிருந்துதான் வாங்கப்போகிறார். இதை ஏற்பாட்டாளர்கள் யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கே தெரியாது என்பதுதான் நிஜம்.

ஓட்டுநரைப் பற்றியும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஷிர்டி போய் சனிக்கிழமை இரவு திரும்பியவர் ஞாயிறு அதிகாலை உங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கலாம். 2025 வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961இன்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. காட் சாலை அரைத் தூக்கத்தை மன்னிக்காது. 2023 ஏப்ரல் 15 அன்று விடிவதற்கு முன், பழைய மும்பை–புனே சாலையில் கோபோலி அருகே இசைக்குழுவினரை ஏற்றிவந்த தனியார் பேருந்து பள்ளத்தில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். 2018 ஜூலை 28 அன்று தாபோலி வேளாண் பல்கலைக்கழக ஊழியர்கள் மகாபலேஷ்வர் சுற்றுலாவுக்குப் போன பேருந்து அம்பேநளி காட் சாலையில் உருண்டது. 30 பேர் போனார்கள், ஒருவர்தான் பிழைத்தார். இரண்டும் ‘ஒரு நாள் போய் வரலாம்’ வகைப் பயணங்களோ, அதை ஒட்டியவையோதான். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற ஓட்டுநரைக் கண்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக் கருகும் வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி ஆறவைக்க வேண்டும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் அடல் சேது கடல் பாலத்திலும் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பழைய சாலைதான் வழி. அங்கே பனிமூட்டத்தில் லாரிக்காரர் உங்களைப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

இனி மலை. மலை சரியும் என்பது செம்பூர்க்காரர்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. 2021 ஜூலை 18 அன்று செம்பூர் பாரத் நகரில் சரிவு வந்து மதில் இடிந்து 19 பேர் இறந்ததை அக்கம்பக்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். காட் சாலையிலும் அதே கணக்குதான். நாள்கணக்கில் மழை குடித்த மண் பாறையைப் பிடித்துக்கொள்ளும் வலுவை இழக்கும். சாலைக்காக அடிவாரத்தை வெட்டியிருந்தால் சீக்கிரமே இழக்கும். 2015 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை, எக்ஸ்பிரஸ்வேயின் ஆடோஷி சுரங்கம் அருகே ஓடிக்கொண்டிருந்த கார்மேல் பாறை விழுந்து 2 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு இரும்பு வலை போட்டார்கள். 2023 ஜூலையில் அதே ஆடோஷியில் மறுபடி சரிந்தது. ஆகவே வெட்டிய மலைச்சுவரின் அடியில் வண்டியை நிறுத்தி மக்காச்சோளம் தின்பதையும் படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். புதிதாக உதிர்ந்த சின்னக் கற்கள் சாலையில் கிடந்தாலோ, தெளிவாக வழிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ அங்கே தாமதிக்கக் கூடாது.

அருவிக்கும் இதே அடையாளம்தான். 2024 ஜூன் 30, ஞாயிறு, லோனாவ்லாவில் பூஷி அணைக்குப் பின்புற அருவியில் புனேயைச் சேர்ந்த ஒரே குடும்பத்தின் ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளும் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நடு ஓடையில் நின்ற காட்சியை நாடே போனில் பார்த்தது. அவர்கள் இறங்கும்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்திருக்கும். மலை உச்சியில் கொட்டும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது; அது ஓடை வழியே வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும், வரும்போது மொத்தமாக வரும். இலை, சுள்ளி மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும், நீர் கலங்குவதும் முன்னறிவிப்பு. பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேற வேண்டும். வண்டிக்கும் இதுதான் சட்டம்: பாலத்தின் மேலே தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். 2016 ஆகஸ்ட் 2 இரவு மஹாட் அருகே சாவித்ரி ஆற்றின் ஆங்கிலேயர் காலப் பாலம் இருட்டில் அடித்துச் செல்லப்பட்டது. பாலம் இருக்கிறது என்று நம்பி வந்த இரண்டு அரசுப் பேருந்துகளும் ஆற்றுக்குள் போயின.

பூஷி விபத்துக்குப் பின் மழைக்காலத்தில் மாவட்ட ஆட்சியர்கள் நீர்வீழ்ச்சிகளுக்கும் பாறை முனைகளுக்கும் தடை உத்தரவு போடுவது வழக்கமாகிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163ஆம் பிரிவு, அதாவது பழைய 144. மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். மீறலால் உயிருக்கு ஆபத்து நேரும் என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய். கிளம்பும் முன் அந்த மாவட்டத்தின் உத்தரவைத் தேடிப் பாருங்கள். அதேபோல் வழியில் போலீஸ் அபராதம் கேட்டால் சலான் கேட்பது உங்கள் உரிமை. டிஜிலாக்கரில் உள்ள லைசென்சும் ஆர்சி புத்தகமும் அசலுக்குச் சமம்.

குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். சாலையோரத்தில் சிப்ஸ் பாக்கெட் கிடைக்கும் என்று பழகிய குரங்கு வண்டியில் அடிபடும், இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையைக் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும். குரங்குக் கடிக்கும் அதே ஊசிதான். அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். சயான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

வானிலைத் துறையின் வண்ணங்களைப் பலரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரக்கூடும் என்றால்தான் பொதுவாக ரெட் அலர்ட் தருவார்கள். அன்று ராய்கட், புனே மாவட்டக் காட் பகுதிக்குப் போவது தைரியத்தில் சேராது. பணம் கட்டியாயிற்றே என்ற கவலைதான் பல குடும்பங்களை வண்டியில் ஏற்றுகிறது. அலர்ட்டும் தடை உத்தரவும் இருக்கும்போது பணத்தைத் திருப்பவோ தேதியை மாற்றவோ ஏற்பாட்டாளர் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு ரசீது வேண்டும். குறைந்தது யுபிஐயில் பணம் போட்ட பதிவாவது வேண்டும்.

விபத்தே நடந்துவிட்டால்? 2025 மே முதல் நாடு முழுவதும், மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு. ‘முதலில் டெபாசிட் கட்டு’ என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள், 112க்கும் தகவல் கொடுங்கள். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அவர் பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. இடித்த வண்டி தப்பி ஓடிவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் சட்டப்படி கிடைக்கும்.

விபத்து ராய்கட்டிலோ புனேயிலோ நடந்தது என்பதால் வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது மும்பையிலேயே போடலாம். 2022 ஏப்ரலில் வந்த திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் போட்டுவிடுவதே நல்லது. புகாரையும் எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்ஐஆராகப் பதியலாம். நிலச்சரிவு போன்ற பேரிடரில் இறந்தவர் குடும்பத்துக்குப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் உண்டு; பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இறப்புக் காரணச் சான்றும் இல்லாமல் அது நகராது. அழுகையோடு அவசரமாக உடலை வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பும் நம் குடும்பங்கள் பல நேரம் விட்டுவிடுவது இந்த இரண்டு காகிதங்களைத்தான். யாராவது ஒருவர் தங்கி அதை வாங்கிவர வேண்டும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு ஆனாலும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. இதையும், அவசர உதவிக்கு 112ஐயும், ஆம்புலன்சுக்கு 108ஐயும் கிளம்பும் முன் உங்கள் போனில் மட்டுமல்லாமல், வீட்டில் இருக்கப்போகும் அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.