ஆறு ஓடையாகும் இடத்தில் கலக்கும் உங்காக்கள்

பிள்ளைகள் அறிவியல் இடுபணியை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். கூலிம், பாலிங் பக்கத்துப் பெற்றோரின் கடிதங்கள் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: “இரண்டு இனங்கள் காட்டில் தாமாகவே கலக்குமா?” கலக்கும். நம் மூடா ஆற்றின் தலைப்பகுதியிலேயே கலக்கின்றன. கூடினாலும் மலடில்லாத குட்டி பிறக்காதவையே வெவ்வேறு இனங்கள் என்ற மனப்பாட வரையறை, கிப்பன் எனப்படும் உங்காவிடம் செல்லாது.

மூடாவுக்கு வடக்கே வெண்கை உங்கா. உடல் கறுப்போ வெளிர்மஞ்சளோ, கையும் காலும் மட்டும் சுண்ணாம்பில் தோய்த்தது போல் வெளுத்திருக்கும். தெற்கே பேராக் ஆறு வரை கருங்கை உங்கா. அதற்குக் கையும் உடல் நிறம்தான். நடுவில் ஆறுதான் வேலி. உங்காவுக்கு நீந்தத் தெரியாது, தரையில் இறங்குவதும் அரிது. கோலா மூடாவில் அகன்று கடல் சேரும் ஆற்றை அது தாண்டவே முடியாது. ஆனால் மலையில் அதே ஆறு வெறும் ஓடை. அங்குள்ள ஊலு மூடா காட்டில் இரு கரை மரங்களும் மேலே கிளை கோத்துக்கொள்கின்றன. அங்கே வேலி இல்லை. அங்கேதான் இரண்டும் சந்தித்து ஜோடி சேர்கின்றன. புரோக்கல்மன், கிட்டின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இதைப் பற்றி எழுதினார்கள்.

விடியலில் பால்மரம் சீவப் போனவர்கள் உங்காவின் கூவலைக் கேட்டிருப்பார்கள். அது தாயிடம் கற்றதல்ல, பிறவியிலேயே வருவது. தாய்லாந்தின் காவ் யாய் காட்டில், வெண்கை உங்காவும் குல்லாய் உங்காவும் சேர்ந்து பிறந்த பெண் உங்கா, இரண்டுக்கும் இடைப்பட்ட பாட்டைப் பாடுகிறது.

எனக்குக் கவலை அந்தக் கிளைப்பாலத்தைப் பற்றித்தான். ஊலு மூடா ‘ஹுத்தான் சிம்பான்’ (ஒதுக்குக் காடு), அதனால் பத்திரம் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அந்தப் பெயர் கொண்ட காடுகளிலும் உரிமத்தோடு மரம் வெட்டலாம். கெடாவின் வயல்களுக்கும் பினாங்கின் குழாய்களுக்கும் தண்ணீர் தரும் காடு அது. கரை மரங்கள் போய்விட்டால், உங்காவுக்கு ஓடையும் பெரிய ஆறுதான்.

இனி, கடிதங்களில் இருந்த சில துணைக் கேள்விகள். கலப்புக் குட்டி கோவேறு கழுதைபோல் மலடா? இல்லை, இரு உங்காக்களுக்கும் குரோமோசோம் 44தான்.

சபாவின் ‘மர்மக் குரங்கு’? கினபாத்தாங்கானில் 2017இல் படமெடுக்கப்பட்டது. மூக்கன் குரங்கும் வெள்ளி மந்தியும் கலந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்காவை வளர்க்கலாமா? கூடாது, 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு.

இடுபணியில் என்ன வரைவது? மூடா ஆற்றை வரையுங்கள். அதன் தலைப்பகுதியில் இரு கரையையும் ஒரு கிளையால் இணையுங்கள்.