அத்திவாரம் வெட்டுவதற்கு முன்

மட்டக்களப்பின் வாகரைக் கரையோரத்தில் வளவுகளின் எல்லையைக் காலங்காலமாகக் காட்டி வந்தது கதியால் வேலி. பூவரசும் முள்முருக்கும் நட்டு, கிடுகு கட்டி, இற்றுப்போனதை மாற்றிமாற்றி அடைத்து வந்த வேலி. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது வேலிகளும் கிணற்றுக் கட்டுகளும் எல்லைக்கு அடையாளமாக நின்ற மரங்களும் அள்ளுண்டு போயின. அந்த இடி ஆறுமுன் 2006இன் கடைசியில் போர் வந்து சனங்களை வளவுகளை விட்டுக் கிளப்பியது. 2007 ஜனவரியில் படையினர் வாகரையைக் கைப்பற்றிய பிறகே மீள்குடியேற்றம் தொடங்கியது. பனிச்சங்கேணி போன்ற ஊர்களுக்குத் திரும்பியவர்களுக்குப் பற்றை வெட்டி, நினைவில் இருந்த இடத்தில் வேலி போடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த நினைவு வேலியை நம்பித்தான் இன்று கல்வீடும் மதிலும் எழும்புகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்டுபவரின் முதல் செலவு சீமெந்துக்கோ மணலுக்கோ போகக் கூடாது; அது சேவையருக்குப் போக வேண்டும். இரு வளவுக்காரரும் பக்கத்தில் நிற்க, பதிவு பெற்ற நில அளவையாளர் அளந்து எல்லைக்கல் நாட்டிய பிறகே மண்வெட்டி நிலத்தில் இறங்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது.

வேலி இருந்த காலத்திலும் எல்லை நகரத்தான் செய்தது. பட்டுப்போன கதியாலைப் பிடுங்கிப் புதியதைச் சற்றுத் தள்ளி நட்டால் அரை அடி போய்விடும். நட்ட கதியால் வேர்விட்டு மரமாகிப் பருத்தால் அதன் நடுவா, வெளிப்பக்கமா எல்லை என்ற கேள்வி எழும். ஆனால் வேலியை அடுத்த முறை அடைக்கும்போது திருத்திக்கொள்ளலாம், மதிலை அப்படித் திருத்த முடியாது. அதுவும் மேலே தெரிகிற சுவரை மட்டும் பார்த்தால் போதாது. ஆறு அங்குலச் சுவருக்கு இரண்டடி அகலத்தில் அத்திவாரம் போட்டால், சுவரின் வெளிமுகம் சரியாக எல்லையில் நின்றாலும் அத்திவாரக் கல் மண்ணுக்குள் ஒன்பது அங்குலம் அடுத்தவர் காணிக்குள் இருக்கும். கூரையின் தாழ்வாரம் எல்லையைத் தாண்டினாலும், மாரியில் அதன் தண்ணீர் அடுத்த வளவில் கொட்டினாலும் அதுவும் அத்துமீறல்தான். மழை நாளில் மூளும் சண்டைகள் பல இதில்தான் தொடங்குகின்றன. இத்தனைக்கும் சண்டைப்படும் நிலம் எவ்வளவு? அறுபது அடி நீளத்தில் ஒரு அடி நகர்ந்தால் அறுபது சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று மேல். ஆக, தலைமுறைப் பகைக்குக் காரணமாகும் அந்தத் துண்டு கால் பேர்ச்சுக்கும் குறைவு.

‘சொந்தத்துக்குள் அளவு நூல் பிடித்தால் மனம் கோணிப்போகும்’ என்பார்கள். மட்டக்களப்பில் இந்த வார்த்தைக்குத் தனிக் கனம் உண்டு. இங்கே வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கம்; தாய் வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு பங்கு, அடுத்தவளுக்கு ஒரு பங்கு என்று கொடுப்பதால் பக்கத்து வளவுக்காரி பெரும்பாலும் அக்காவோ தங்கச்சியோ சின்னம்மாவின் மகளோதான். அதனால்தான் அளக்க வேண்டும் என்கிறேன். அக்காவும் தங்கச்சியும் வாய்ச்சொல்லில் வைத்துக்கொண்ட எல்லையை அவர்கள் மருமக்கள் மதிப்பார்கள் என்பதற்கு என்ன உறுதி? காணி உறுதியில் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. கூட்டுரிமைக் காணியில் ஒருவர் இருந்து ஆள்வது மற்றப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்று கொரெயா எதிர் இசரிஸ் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் 1911இலேயே சொல்லிவிட்டது. பங்கு பிரியாத நிலத்தில் தன் பக்கம் என்று நம்பி மாடி கட்டுபவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மறுப்பு, ‘பத்து வருடத்துக்கு மேல் நான்தான் ஆண்டு வருகிறேன், இனி யார் கேட்பது?’ என்பது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட ஆட்சியுரிமை இருப்பது உண்மை. ஆனால் அந்த ஆட்சி இடையறாததாகவும் மற்றவரின் உரிமைக்கு எதிரானதாகவும் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். இடம்பெயர்ந்து போனவரின் காணியில் அது அவ்வளவு எளிதில்லை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வழிசெய்தது. அது யாருக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிட் காணி என்றால் நிலம் அரசுடையது. அரசுக்கு எதிராகப் பத்து வருடக் கணக்கு ஓடாது. அங்கே எல்லை எது என்பதற்குப் பிரதேச செயலகத்தில் உள்ள பத்திரமும் படமும்தான் ஆதாரம்.

பிரதேச சபை கட்டட அனுமதி தந்துவிட்டது என்பதும் பதிலாகாது. சபை பார்ப்பது கட்டட விதிகளை. காணி யாருடையது என்று தீர்ப்பது அதன் வேலையல்ல. பொலிசுக்குப் போனால் விடயம் நீதவானிடம் போகலாம். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவு வழக்குகளில் நீதவான் முக்கியமாகப் பார்ப்பது, வழக்கிடப்பட்ட நாளில் காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது வெளியேற்றினார்களா என்பதைத்தான். அமைதி குலையாமல் காப்பதற்கான கட்டளை அது. எல்லைக்கோட்டை அது வரைந்து தராது. உரிமைக்கு மாவட்ட நீதிமன்றம்தான் போக வேண்டும். அத்துமீறி அத்திவாரம் வெட்டப்படுவதைக் கண்டவர் அன்றே எழுத்தில் ஆட்சேபித்து, தேவையானால் இடைக்காலத் தடையுத்தரவு கேட்பது நல்லது. கூரை ஏறும்வரை பேசாமல் இருந்தவருக்குச் சுவரை இடிக்கச் சொல்லும் தீர்ப்புக் கிடைப்பது கடினம். நட்டஈட்டோடு முடிந்துவிடவும் கூடும்.

செலவுதான் கடைசி மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பத்துக்குச் சேவையர் கூலி சின்னத் தொகையல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தின் 2012இல் தொடங்கிய கட்டம் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு, புது வீடென்றால் தலா 550,000 ரூபா என்று கொடுத்து, அவர்களே கட்டிக்கொள்ள வைத்தது. இப்படிப்பட்ட உதவித் திட்டங்கள் அளவைச் செலவையும் சேர்த்தே தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தனியாகக் கட்டுபவர்கள் பக்கத்து வளவோடு கூலியைப் பாதிபாதியாகப் போடலாம். பேச்சு முறிந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. அளவையாளரின் படத்தை மேசையில் வைத்துப் பேசினால் அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. சுவர் ஏற்கெனவே அடுத்த பக்கம் போயிருந்தால் அந்தத் துண்டை விலைக்கோ மாற்றுக்கோ தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் கடதாசியில் கையொப்பம் வைத்துக் காணி கைமாறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன் உறுதி எழுத வேண்டும். பெர்மிட் காணியில் அதுகூட இயலாது. முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம்.