எண்ண முடிந்தால் அது கடல்

அலமாரிக்குள் தொங்கிய ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசி கிணுகிணுத்ததில்தான் விழிப்பு வந்தது. மணி இரண்டரை. சென்னைத் துறைமுகத்திலிருந்து மாலையில் கிளம்பிய சொகுசுக் கப்பல், இலங்கையின் கிழக்குக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விருந்து, பாட்டு, நீச்சல் குளக் கூத்து எல்லாம் ஓய்ந்த நேரம். கட்டில் மெல்லிதாக நடுங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று ‘தொம்’ என்று ஒரு சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் லாரி வந்து மோதியது போல. கட்டில், சுவர், ஜன்னல் எல்லாம் சேர்ந்து நாலைந்து முறை குலுங்கி அடங்கின. பிறகு மறுபடியும் அந்த மெல்லிய நடுக்கம்.

வராந்தாவுக்கு வந்தால், எனக்கு முன்பே எதிர் கேபின்காரர் வந்து நின்றிருந்தார். தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பல்களில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலில் மனைவியைக் கூட்டிப்போக வாய்க்கவில்லை, அதனால் இந்தப் பயணம் என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருந்தார்.

“பயப்படாதீங்க சார். ஒரு டம்ளர்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி மேஜை மேல வைங்க. அதப் பாத்துக்கிட்டே எண்ணுங்க. எண்ண முடிஞ்சா அது கடல். எண்ண முடியலைன்னா அது புரொப்பெல்லர்.”

“அந்த ‘தொம்’?”

“அது கப்பலோட உடம்பு. காலைல சொல்றேன், போய்ப் படுங்க.”

படுக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எண்ணினேன். தண்ணீரின் விளிம்பு இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் ஏறி, மறுபடி இடப்பக்கம் வர பதினான்கு நொடி. அடுத்த முறையும் ஏறக்குறைய அதே பதினான்கு. அலை சின்னதோ பெரிதோ, கப்பல் பக்கவாட்டில் ஆடித் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஊஞ்சலுக்கு அதன் கயிற்று நீளம் எப்படியோ, கப்பலுக்கு அதன் அகலமும் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் அப்படி. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளலாம். அடியில் கனம் கூடக் கூட, சாய்த்துவிட்டால் வெடுக்கென்று நிமிரும். பாதுகாப்புக்கு அது நல்லது, பயணிக்குத்தான் ஆகாது. வெடுக்கென்று நிமிரும் கப்பலில் சூப் கிண்ணம் மடியில் வந்து விழும். அதனால் பயணிகள் கப்பலை வடிவமைப்பவர்கள் கவிழாத அளவுக்குக் கனத்தைக் கீழே வைத்து, உலுக்காத அளவுக்கு மேலே விடுகிறார்கள். நிதானமாகச் சாய்ந்து நிதானமாக நிமிரும் கப்பல் பார்க்கக் கலவரமாக இருக்கும். உண்மையில் அது நம் வயிற்றுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் இந்த ஆட்டம் அல்ல, மேலும் கீழுமான அசைவு. 1970களில் அமெரிக்கக் கடற்படைக்காக நடந்த சோதனைகளில், ஆட்களை ஓர் அறையில் உட்கார வைத்து அந்த அறையையே ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அசைவுதான் மிக அதிகம் பேரை வாந்தியெடுக்க வைத்தது. அதைவிட வேகமானாலும் மெதுவானாலும் உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்கிறது.

கடல் நோய்க்கு எதிராகப் பொறியாளர்கள் நடத்திய போரில் எனக்குப் பிடித்த தோல்வி ஹென்றி பெஸ்ஸமருடையது. எஃகு தயாரிக்கும் முறைக்குத் தன் பெயரையே கொடுத்த அதே பெஸ்ஸமர்தான். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது பட்ட அவஸ்தையில், கப்பல் எப்படி ஆடினாலும் மட்டமாகவே நிற்கும் தொங்கு மண்டபம் ஒன்றைக் கப்பலுக்குள்ளேயே கட்டினார். 70 அடி நீளம், 30 அடி அகலம். ரசமட்டத்தைப் பார்த்தபடி ஓர் ஆள் நெம்புகோலை இழுத்து மண்டபத்தைச் சமன் செய்ய வேண்டும். 1875 மே மாதம் பொதுமக்களோடு கிளம்பிய பயணத்தில் கப்பல் கலே துறைமுகத்தின் படகுத்துறையில் மோதி அதன் ஒரு பகுதியை இடித்துத் தள்ளியது. அன்று அந்த மண்டபத்தை ஆடாமல் பூட்டியே வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. 1932இல் இத்தாலியின் ‘கோன்டே டி சவோயா’ கப்பலில் மூன்று ராட்சத சுழல் சக்கரங்களை வைத்து ஆட்டத்தை அடக்கப் பார்த்தார்கள். கடைசியில் வென்றது எளிமையான ஒரு யோசனை: கப்பலின் இரண்டு பக்கத்திலும் நீருக்கடியில் மீனுக்கு இருப்பதுபோலத் துடுப்புகள். 1936இல் ‘ஐல் ஆஃப் சார்க்’ என்ற சிறு பயணிகள் கப்பலில் பொருத்தினார்கள். ஆட்டத்துக்குப் பேர்போன ‘குயின் மேரி’க்கே அது 1958இல்தான் வாய்த்தது. ஒன்று மட்டும்: துடுப்பு வேலை செய்ய நீர் அதன் மேல் வேகமாக ஓட வேண்டும். கப்பல் மெதுவாகப் போனால் துடுப்பால் பெரிய பயனில்லை. முன்பின் ஆட்டத்தை எந்த வேகத்திலும் அதனால் அடக்க முடியாது.

டம்ளருக்குத் திரும்புவோம். பதினான்கு நொடி ஆட்டத்துக்கு மேலே, தண்ணீர்ப் பரப்பில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவிலிருந்து விளிம்புவரை வட்ட வட்டமாக மிக நுண்ணிய வரிகள், நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. எண்ண முடியவில்லை. என்ஜினியர் சொன்ன புரொப்பெல்லர்.

கப்பலின் உடம்பை ஒட்டி ஓடும் நீர், உடம்போடு உரசி வேகம் குறைந்து வரும். புரொப்பெல்லரின் இறக்கை மேலே, கப்பலின் அடிப்பாகத்துக்கு அருகில் வரும்போது மந்தமான நீரையும், கீழே போகும்போது வேகமான நீரையும் வெட்டுகிறது. அதனால் ஒவ்வொரு இறக்கையும் உச்சியைக் கடக்கும்போது கப்பலின் அடியில் ஒரு தட்டு விழும். நான்கு இறக்கை, நிமிடத்துக்கு 120 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு எட்டுத் தட்டு. அந்த எட்டு, கேபின் தரையோ தடுப்புச் சுவரோ இயல்பாக அதிரும் வேகத்தோடு ஒத்துப்போனால் போதும், சின்னத் தட்டும் பெரிய நடுக்கமாகிவிடும்.

இதை உலகத்துக்கே தெரியும்படி அனுபவித்த கப்பல் பிரான்ஸின் ‘நார்மண்டி’. 1935 மே 29 அன்று லெ ஹாவ்ரிலிருந்து முதல் பயணம் கிளம்பி, மணிக்குச் சராசரியாக ஏறக்குறைய 30 கடல் மைல் வேகத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, சாதனையோடு நியூயார்க்கில் நுழைந்தது. மின்மோட்டாரால் ஓடும் கப்பல். என்ஜின் அதிர்வு என்று சொல்ல அதிகமில்லை. முதல் வகுப்பு உணவுக்கூடத்தில் கண்ணாடி விளக்குகளின் அழகில் விருந்தினர் சொக்கிப்போயிருக்க, பின்பகுதியில் இருந்த சுற்றுலா வகுப்புக்காரர்களுக்கோ உட்காரவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. வேகம் கூடினால் நடுக்கமும் கூடியது. குற்றவாளி, மூன்று இறக்கை கொண்ட நான்கு புரொப்பெல்லர்கள். அந்தக் குளிர்காலத்திலேயே கப்பலை நிறுத்தி, அவற்றைக் கழற்றிவிட்டு நான்கு இறக்கை கொண்டவற்றை மாட்டினார்கள். பின்பகுதியின் இரும்புச் சட்டங்களையும் வலுப்படுத்தினார்கள். இறக்கை கூடினால் ஒவ்வொன்றின் மேலும் விழும் சுமை குறையும், தட்டின் எண்ணிக்கை மாறும். நடுக்கம் பெருமளவு குறைந்தது. நிறுத்தியது நிறுத்தியாயிற்று என்று மேலே ஒரு புதிய கூடத்தையும் கட்டி, வரப்போகும் குயின் மேரியைவிடத் தங்கள் கப்பலே பெரியது என்று ஆக்கிக்கொண்டார்கள். பழுது பார்க்கும் இடத்திலும் பெருமை விடவில்லை!

புரொப்பெல்லரின் இன்னொரு சேட்டை, தண்ணீரைக் கொதிக்க வைப்பது. கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகமாட்டேன் என்கிறது அல்லவா? வேகமாகச் சுழலும் இறக்கையின் முதுகில் அழுத்தம் அதைவிடப் பன்மடங்கு விழும். குளிர்ந்த கடல் நீரே அங்கே ஆவிக் குமிழாகும். அடுத்த கணம் அழுத்தமான இடத்துக்கு வந்ததும் குமிழ் படீரென்று நசுங்கும். அந்தப் படபடப்புதான் பின்பக்கக் கேபின்களில் கூழாங்கல் கொட்டுவதுபோலக் கேட்கும். நீராவி டர்பைனைப் படைத்த சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் தன் ‘டர்பினியா’ படகை ஓட்டிப் பார்த்தபோது எதிர்பார்த்த வேகம் வரவில்லை. புரொப்பெல்லர் நீரைத் தள்ளுவதற்குப் பதிலாகக் குமிழுக்குள் வெறுமனே சுழன்றிருக்கிறது. கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்று 1895இல் ஒரு சிறு நீர்த் தொட்டி செய்து, விட்டுவிட்டு ஒளியைப் பாய்ச்சி, சுழலும் இறக்கையின் மேல் குமிழ் பிறப்பதைக் கண்டார். மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பெல்லர் என்று பாரத்தைப் பிரித்துக் கொடுத்து, 1897இல் விக்டோரியா மகாராணியின் கடற்படை அணிவகுப்புக்கு நடுவே மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்.

காலையில் இட்லியும் கையுமாக என்ஜினியர் ‘தொம்’ கதையைச் சொன்னார். 1998இல் ‘எலேஷன்’ கப்பலில் தொடங்கி, பெரிய சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் மோட்டாரையே கப்பலுக்கு வெளியே, பின்னடியில் ஒரு கூண்டில் தொங்கவிட்டுவிட்டார்கள். புரொப்பெல்லர் முன்பக்கம் பார்த்து, கலங்காத நீரை வெட்டி இழுக்கும். நடுக்கம் குறைந்தது. ஆனால் கூண்டு தொங்க இடம் வேண்டும் என்று பின்னடியை அகலமாக, தட்டையாக வைத்தார்கள்.

“தட்டையான அடியில அலை வந்து கீழேருந்து அறைஞ்சா என்ன ஆகும்? உள்ளங்கையால தண்ணிய அடிக்கிற மாதிரிதான். மெதுவாப் போறப்ப, பின்னாலேருந்து அலை வந்தா இன்னும் மோசம்.” ஸ்பூனை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய முனையைச் சுண்டினார். அது துள்ளி அடங்கியது. “நம்ம கப்பலும் இப்படி ஒரு ஸ்பூன்தான் சார். அடி விழுந்தா வளைஞ்சு துள்ளும், நாலு தரம் ஆடி அடங்கும்.”

கப்பல் வளையும் என்பதைக் காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் நின்று மறு முனையின் கூரை விளக்கைக் கவனித்தேன். அலை அறைந்த ஒவ்வொரு முறையும் அது இம்மியளவு ஏறி இறங்கியது. வளையாத கப்பல் உடைந்துவிடும் என்று பொறியாளர்கள் சொல்வதை மூளை ஏற்றுக்கொண்டது. கால் ஏற்க அரை நாள் ஆனது.

ஆட்டம், நடுக்கம், அலையின் அறைதல் மூன்றும் கப்பலின் அன்றாடம். கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று, அதுவும் அமைதியான கடலில் வரும்போது. 1992 ஆகஸ்ட் 7 இரவு பத்து மணி சுமாருக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் ‘குயின் எலிசபெத் 2’ வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் தரைக்கு அடியில் ஒரு கரகரப்பை உணர்ந்தார்கள். கப்பலின் அடிப்பாகம் பாறையில் உரசியிருந்தது. வரைபடத்தின்படி அங்கே ஆழம் 39 அடி, கப்பல் மூழ்கியிருந்தது ஏறக்குறைய 32 அடி. ஏழு அடி மிச்சம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வரைபடத்துக்கான ஆழ அளவை 1939இல் எடுத்தது. பாறை அதில் போட்டிருந்ததைவிட மேலே இருந்தது. போதாக்குறைக்கு, ஆழமில்லாத இடத்தில் வேகமாகப் போகும் கப்பல், தன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நீரை நெருக்கி விரட்டுகிறது. விரைந்தோடும் நீரில் அழுத்தம் குறைய, கப்பல் கீழே இழுக்கப்படும். மாலுமிகள் இதை ‘ஸ்க்வாட்’ என்பார்கள். நம் ‘குந்துதல்’தான். அதன் அளவைக் குறைத்து மதிப்பிட்டதும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. யாருக்கும் காயமில்லை.

2006 ஜூலை 18 அன்று அப்படி அதிர்ஷ்டம் இல்லை. சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன ‘கிரவுன் பிரின்சஸ்’, ஃபுளோரிடாவின் கனாவெரல் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியிருந்தது. புயலில்லை, பேரலை இல்லை. ஆழம் குறைந்த நீரில் முழு வேகத்துக்கு நெருங்கியிருந்த கப்பலைத் தானியங்கிச் சுக்கான் நேராக நிறுத்த முடியாமல் தடுமாறியது. பொறுப்பிலிருந்த அதிகாரி அதைத் துண்டித்துவிட்டு, கையால் சக்கரத்தைத் தவறாகத் திருப்பினார். கப்பல் சுமார் 24 பாகை சாய்ந்தது. நாற்காலி, பாத்திரம், நீச்சல் குளத்துத் தண்ணீர், அதிலிருந்த மனிதர்கள் எல்லாம் சரிந்தன. 298 பேருக்குக் காயம், 14 பேருக்குப் பலத்த காயம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோமே, அதே விசைதான். அதே வட்டத்தில் வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளல் நான்கு மடங்காகும். டம்ளரைப் பார்த்து எண்ண அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

திரும்பி வரும்போது துறைமுகத்துக்குள் நுழைந்த விடியலில், படுக்கைக்கு அடியில் பல்லைக் கடிப்பது போன்ற ஓர் உறுமல். இம்முறை வராந்தாவுக்கு ஓடவில்லை. கரையில் அணையும்போது முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு புரொப்பெல்லர்கள். முன்பக்க அடியில் குறுக்காக ஒரு குழாய், அதற்குள் சுழலும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கை கழுவ நின்றபோது வாஷ்பேசின் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. கரையேறியவர்கள் பலருக்கும் ஓரிரு நாள் இப்படி இருக்கும். ஆட்டத்தை ஈடுகட்டக் கற்றுக்கொண்ட மூளை, ஆட்டம் நின்ற பிறகும் ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது. சந்தேகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன். துளியும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். பதினான்கு.