தில்பசந்துக்கு ஒரு தங்கை

தேங்காய்த் துருவலும் பப்பாளிக்காய் டூட்டி ஃப்ரூட்டியும் திணித்த ஐயங்கார் பேக்கரி தில்பசந்தைச் சுவைக்காமல் தொம்மலூரில் யாரும் அதிக நாள் குடியிருந்துவிட முடியாது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அதன் தங்கையை வீட்டிலேயே செய்யலாம். தேங்காய்க்குப் பதில் சீஸ், டூட்டி ஃப்ரூட்டிக்குப் பதில் அன்னாசி. கடையில் குளிரூட்டி விற்கும் பஃப் மாவுத் தகட்டை 2 அங்குலச் சதுரங்களாக வெட்டி, நடுவில் துருவிய சீஸும் அன்னாசியும் வைத்தால் போதும்.

அன்னாசியைச் சர்க்கரையோடு சுண்ட வதக்குவதில்தான் சூட்சுமம். ஈரம் மிஞ்சினால் அடிப்பக்கம் சொதசொதத்துவிடும். மாவும் சில்லென்றிருக்க வேண்டும். கொழுப்பு முன்பே உருகினால் அடுக்கடுக்காக உப்பாது. ஐயங்கார் வழக்கப்படி முட்டை தேவையில்லை. மேலே பால் தடவினால் நிறம் வரும். ஓவனில் 200 டிகிரியில் சுமார் 15 நிமிடம். விருந்தாளிகள் வந்தபிறகு வைப்பதே நல்லது: ஆறினால் சீஸ் ரப்பர்தான்.