கேள்வி கேட்பது பாவமா? கண்டிப்பான கிறிஸ்தவ வீடுகளில் வளரும் பிள்ளைகளின் கதைகள்

கினிகத்தேனைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அண்மையில் நான் ஒரு நாவலை வாசிக்கக் கொடுத்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் நாளே புத்தகம் திரும்பி வந்துவிட்டது. "அப்பா இதெல்லாம் உலகப்பிரகாரமானதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றாள். இருபது பக்கம் வாசித்திருந்தாள். மீதியை வாசிக்க ஆசை இருப்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை.

நான் கொடுத்த நாவல் ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு'. 1964இல் வெளிவந்தது. எழுதியவரும் கிறிஸ்தவர், கதையில் வரும் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம். குமரிமாவட்டத்துப் பனைவிளைகளுக்கு நடுவே வாழும் லிசி என்ற பெண், வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடுகிறாள். பனையேறியின் மகனை விரும்புகிறாள். குடும்பத்தின் பெருமைக்கும் தன் மனதுக்கும் இடையில் மெல்ல மெல்ல நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்கிறாள். அதில் தேவதூஷணம் ஒன்றும் இல்லை. என்றாலும் வேதாகமம் அல்லாத கதைப் புத்தகம் என்பதே அந்தத் தகப்பனாருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தப் பிள்ளையின் மீது எனக்குப் பரிதாபம் வரவில்லை. என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள்தான்.

எங்கள் வீடு கண்டிப்பானது எப்படி

எங்கள் தாத்தா, பாட்டி 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். காடு வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு தோண்டிக் குடியேறியவர்கள். அம்மா அங்கேயே வளர்ந்து அங்கேயே கலியாணம் செய்தார். 2009இல் அண்ணனை இழந்தோம். மெனிக்பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது திரும்பிப் போக அம்மாவுக்கு மனமில்லை. கினிகத்தேனைப் பக்கம் இருந்த மாமாவின் லயத்துக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தோம். தாத்தாவும் எங்களுடன் வந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்த மழையிலும் குளிரிலும் அம்மாவிடம் முதலில் வந்து உட்கார்ந்து, அண்ணனின் பெயரைக் கேட்டு, கூடவே அழுதவர்கள் பக்கத்து லயத்து ஜெபவீட்டுப் பெண்கள். வேறு எவரும் வரவில்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் அது நியாயமாகாது.

அதன்பின் வீடு மாறியது. தொலைக்காட்சி போனது. சினிமாப் பாட்டு போனது. பொட்டும் வளையலும் போயின. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு முழுநாள் ஆராதனை என்று வாரம் அடைபட்டது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குத் தாத்தா போய்விட்டுக் கொண்டுவந்த பொங்கலை, படையல் என்று சொல்லி அம்மா தொடவிடவில்லை. தாத்தா அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு அவரோடு போய் உட்காராததை இன்றுவரை நினைக்கிறேன்.

அண்ணன் ஏன் செத்தான் என்று ஒருமுறை கேட்டேன். "தேவ சித்தம்" என்றார்கள். அவன் ஞானஸ்நானம் எடுக்காதவன், அப்படியானால் இப்போது எங்கே இருப்பான் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக எனக்கு மூன்று நாள் ஜெபம் செய்தார்கள்.

சொற்களைச் சரியாகப் புரிந்துகொள்வோம்

'அடிப்படைவாதம்' என்ற சொல்லை நாம் இன்று ஏசுவதற்கே பாவிக்கிறோம். ஆனால் அதன் பிறப்பு கிறிஸ்தவத்துக்குள்தான். 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் 'அடிப்படைகள்' என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிடப்பட்டன. வேதாகமம் பிழையற்றது என்பது போன்ற சில கொள்கைகளை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று அவை வாதிட்டன. அந்தப் பெயரிலிருந்தே 'அடிப்படைவாதி' என்ற சொல் வந்தது. அதை முதலில் பெருமையோடு தமக்கே சூட்டிக்கொண்டார்கள்.

பெந்தெகொஸ்தே இயக்கம் வேறு ஊற்றிலிருந்து வந்தது. 1906இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா வீதியில், ஒரு கறுப்பினப் போதகரின் தலைமையில் நடந்த எழுப்புதல் கூட்டங்கள் அதற்குப் பெரும் உந்துதல் கொடுத்தன. அந்நிய பாஷை பேசுதல், சுகமளித்தல் என்பவை அதன் அடையாளங்கள். 1920களில் அது இலங்கையிலும் வேர்விட்டது. மலையகத்தில் அதற்கு முன்பே கிறிஸ்தவம் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கென அங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே தொடங்கியிருந்தது. கத்தோலிக்க, மெதடிஸ்த ஆலயங்களும் உண்டு.

எல்லாப் பெந்தெகொஸ்தே சபைகளும் கடுமையானவை அல்ல. கடுமையான வீடுகள் பிற சபைகளிலும் உண்டு, பிற மதங்களிலும் உண்டு. இங்கே நான் பேசுவது ஒரு வகையான வீட்டைப் பற்றி: எல்லாக் கேள்விக்கும் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, பிள்ளை அதை மனனம் செய்தால் போதும் என்று நம்பும் வீடு.

உலகம் எழுதிய கதைகள்

இப்படியான வீடுகளில் வளரும் பதின்ம வயதினரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி வரிசையே இருக்கிறது. சில இளையோருக்கென்றே எழுதப்பட்டவை. சில பெரியவர்களுக்காக எழுதப்பட்டு இளையோர் எடுத்துக்கொண்டவை. நான் வாசித்தவற்றில் நான்கைச் சொல்கிறேன்.

ஜேம்ஸ் போல்ட்வினின் முதல் நாவல் 1953இல் வந்த 'கோ டெல் இட் ஒன் த மவுன்டன்'. நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபை. ஜோன் என்ற சிறுவனின் பதினான்காம் பிறந்தநாள். வளர்ப்புத் தகப்பன் பிரசங்கி, வெளியில் பரிசுத்தவான், வீட்டில் கொடூரன். அடிமைத்தனத்தின் தழும்போடு தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்களுக்கு அந்தச் சபை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும், அதே சபை ஒரு பிள்ளையை எப்படி நெரிக்கிறது என்பதையும் போல்ட்வின் ஒன்றாகச் சொல்கிறார். அவரே பதினான்கு வயதில் பிரசங்கம் செய்யத் தொடங்கியவர். தோட்டத்து ஜெபவீட்டை அறிந்த எவருக்கும் இந்த நாவல் அந்நியமாக இராது.

சிமமாந்தா அடிச்சியின் 'பர்ப்பிள் ஹிபிஸ்கஸ்' 2003இல் வந்தது. நைஜீரியக் கதை. பதினைந்து வயதுக் கம்பிலியின் தகப்பன் கத்தோலிக்கர், பெரும் செல்வந்தர், இராணுவ ஆட்சியை எதிர்க்கும் பத்திரிகையை நடத்துபவர், ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பவர். வீட்டில் பிள்ளைகளின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அட்டவணை எழுதி வைத்திருக்கிறார். மூதாதையர் வழிபாட்டை விடாத தன் சொந்தத் தகப்பனிடம் பிள்ளைகளைப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் அனுப்புகிறார், அங்கே எதையும் சாப்பிடக்கூடாது. அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இஸ்தோப்பில் பொங்கல் சாப்பிட்ட என் தாத்தா கண்முன் வந்துவிட்டார். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் தன் இரு பாட்டன்மாரையும் இழந்த குடும்பத்திலிருந்து வந்தவர் அடிச்சி.

மிரியம் டேவ்ஸின் 'எ கொம்ப்ளிகேற்றட் கைன்ட்னஸ்' 2004இல் கனடாவில் வெளிவந்தது. மெனோனைற் என்ற சபையாரின் சிற்றூர். பதினாறு வயது நோமியின் அக்கா ஊரைவிட்டுப் போய்விட்டாள், அம்மாவும் போய்விட்டார். சபையால் விலக்கப்பட்டவரோடு பேசக்கூடாது என்பது விதி. மெனோனைற் மக்கள் துன்புறுத்தல்களுக்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாக நாடுவிட்டு நாடு பெயர்ந்தவர்கள். சமூகத்தைக் காப்பாற்றப் போட்ட வேலியே அதன் பிள்ளைகளைக் கிழிக்கிறது என்பது இந்தக் கதை.

நான்காவது, சிந்தியா ரைலன்ட் 1986இல் இளையோருக்கென எழுதிய சிறிய நாவலான 'எ ஃபைன் வைற் டஸ்ற்'. இது மறுபக்கம். பீற்றின் பெற்றோருக்குச் சபையில் அக்கறை இல்லை. அவன்தான் பக்தி நிறைந்தவன். ஊருக்கு வரும் எழுப்புதல் போதகர் ஒருவரை நம்பி வீட்டை விட்டுப் போகத் துணிகிறான். அழைத்தவரே அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறார். மனம் உடைந்தாலும் அவனுடைய விசுவாசம் சாகவில்லை, மனிதரை அளந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

இந்தக் கதைகள் என்ன செய்கின்றன

இவற்றை மதத்துக்கு எதிரான பிரசாரம் என்று நினைப்பது தவறு. நல்ல நாவல்கள் எதுவும் கடவுளை வழக்கு மன்றத்துக்கு இழுப்பதில்லை. அவை கேட்பது வேறு: நம்பிக்கையையும் அதிகாரத்தையும் எப்படிப் பிரித்தறிவது? தகப்பனின் கோபமும் கடவுளின் கோபமும் ஒன்றா?

பெரும்பாலான கதைகள் ஒரே வழியில் செல்கின்றன. முதலில் வீட்டின் ஒழுங்கு, அதிலுள்ள பாதுகாப்பு. பிறகு ஒரு சிறு விரிசல், அது ஒரு தோழியாக, ஒரு புத்தகமாக, சத்தமாகச் சிரிக்கும் ஒரு மாமியாக இருக்கலாம். அதன்பின் தண்டனை, அல்லது அதைவிடக் கொடிய மௌனம். கடைசியில் சிலர் வெளியேறுகிறார்கள், சிலர் வேறு மனதோடு உள்ளேயே இருக்கிறார்கள். எந்த முடிவானாலும் அந்தப் பிள்ளை முதன்முறையாக 'நான்' என்று சொல்லிவிடுகிறது. வாசிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய லாபம், தான் மட்டும் இப்படி நினைக்கவில்லை என்பதுதான்.

நம்மிடம் ஏன் இல்லை

தமிழில் கிறிஸ்தவ வீடுகள் கதையாகாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் மங்களநாயகம் தம்பையா 1914இலேயே 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். தலைப்பே சங்கீதத்திலிருந்து எடுத்தது. 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' கன்னியர் மடத்தின் உள்ளே இருந்த சாதியைப் பேசியது. ஆனால் ஜெபவீட்டில் வளரும் இன்றைய மலையகப் பிள்ளையை, வன்னிப் பிள்ளையை, அவர்களின் மொழியிலேயே சொல்லும் இளையோர் நாவல் ஒன்றைத் தேடி நான் களைத்துவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் அச்சம். அந்த அச்சம் முழுக்கத் தவறானதும் அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்கள் நாட்டில் 1.4 வீதம்தான். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. 2008இல் புதிய வழிபாட்டு இடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதைக் காட்டிச் சிறிய சபைகளை மூடச் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்களும் இறந்தார்கள். இப்படி அடிவாங்கும் ஒரு சமூகத்தின் உட்குறையை எழுதினால், எதிரிக்குக் கம்பு எடுத்துக் கொடுப்பதாகாதா என்று கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் பழகிய கேள்வி. போர்க்காலத்திலும் இதையேதான் கேட்டார்கள். இப்போது பேசாதே, பிறகு பேசலாம் என்றார்கள். பேசாமல் விட்டவை பிள்ளைகளின் நெஞ்சில் தங்கிவிட்டன. வெளியே உள்ளவன் அடிக்கிறான் என்பதற்காக உள்ளே அழும் பிள்ளையின் வாயைப் பொத்த முடியாது.

பெற்றோருக்கு

போரில் பிள்ளையை இழந்த வீட்டில் கண்டிப்பு என்பது பல நேரம் பயத்தின் இன்னொரு பெயர். பல வருடங்கள் கழித்து அம்மாவிடம் கேட்டேன், ஏன் என்னை அப்படி வளர்த்தீர்கள் என்று. "ஒருத்தன தொலைச்சிட்டேன். ஒன்னையும் தொலைச்சிடுவேனோன்னு பயந்தேன்" என்றார். அதை எனக்குப் பதினைந்து வயதில் சொல்லியிருந்தால், நான் அவரோடு அவ்வளவு காலம் பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே மூன்று விடயங்களைச் சொல்லலாம். பிள்ளை கேள்வி கேட்டால் அதை விசுவாசக் குறைவு என்று எடுக்க வேண்டாம். யோபுவின் புத்தகம் முழுவதும் கேள்விதான், அதை வேதாகமத்திலிருந்து எவரும் கிழித்து எறியவில்லை. சாவைப் பற்றிக் கேட்டால், "எனக்கும் தெரியாது, எனக்கும் வலிக்கிறது" என்பதும் ஒரு பதில்தான். மருந்தைத் தடுப்பதும், அடிப்பதும், பட்டினி போடுவதும் பக்தியில் சேராது. அவை சிறுவர் துஷ்பிரயோகம். 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்துச் சொல்லலாம்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அடுத்த வாரம் மழை விட்ட ஒரு மாலையில் அவர்களின் லயத்துக்குப் போனேன். தகப்பனார் கொழுந்து லொறியில் வேலை முடித்து வந்திருந்தார். 'புத்தம் வீட்'டை எழுதியவர் கிறிஸ்தவர் என்றும், அதை முதலில் அவரே வாசித்துப் பார்க்கட்டும் என்றும் சொல்லி, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். நீண்ட நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசிச்சிட்டுச் சொல்றேங்க டீச்சர்" என்றார்.

ஒரு மாதமாகிறது. புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.